நோஞ்சானுக்கு வைத்தியம்

ஒரு செடி வாடத் தொடங்கினால் முதலில் செய்ய வேண்டியது, கையைக் கட்டிக்கொண்டு அதன் எதிரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பது. யாரும் அதைச் செய்வதில்லை. இலை மஞ்சளானதும் ஓடிப்போய் உரத்தைக் கொட்டுவார்கள், தண்ணீரை ஊற்றுவார்கள், தொட்டியை வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறி இழுப்பார்கள். பாதிச் செடிகள் நோயால் சாவதில்லை, வளர்ப்பவர்களின் பதற்றத்தால் சாகின்றன. கஞ்சாச் செடிக்கு இது இன்னும் பொருந்தும், ஏனென்றால் அதை வளர்ப்பவர்கள் எல்லாருக்கும் அதனிடம் ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது.

நிதானமாகவே சொல்கிறேன், அரசு வழக்கறிஞர் அம்மா. மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. நான் வில்மார். மெர்செதெஸ் ஊர்ப் பூங்காக்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆற்றங்கரைச் சாலையில் இன்றைக்கு நிழல் தருகிற மரங்களில் பல, நான் குழி தோண்டி வைத்தவை. தெருவில் என்னைச் செடி வைத்தியர் என்பார்கள். கேலியாகச் சொல்லத் தொடங்கியது, பிறகு அதுவே பெயராகிவிட்டது.

என் வீட்டுக்கும் நிபியாவின் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர், என் மார்பளவுக்கு. நிபியா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். புருஷன் எப்போதோ போய்விட்டான். மகள் லூர்தெஸுக்கு வலிப்பு நோய். டாக்டர் கொடுத்த மாத்திரைகளோடு இந்தச் செடியின் எண்ணெயையும் நாக்கடியில் சொட்டு சொட்டாகக் கொடுத்த பிறகுதான் வலிப்பு அடங்கியது. அந்தக் குழந்தை பள்ளிக்குப் போனது, சைக்கிள் ஓட்டியது. மருந்துக்கடை எண்ணெய் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இந்த ஒரு ரகம்தான் ஒத்துக்கொண்டது. நிபியா தபால் நிலையத்தில் வரிசையில் நின்று பெயர் பதிந்து, சட்டப்படி வளர்த்தாள். அவள்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

போன வசந்தத்தில் மூன்று கிளைகளை நட்டாள். இரண்டை இலைவெட்டி எறும்புகள் ஒரே சாயங்காலத்தில் மொட்டையடித்துவிட்டன. மிஞ்சியது ஒன்று. கிளை கொடுத்த பெண் ஊரைவிட்டே போய்விட்டாள், அவளிடம் மறுபடி கேட்கவும் வழியில்லை. அந்த ஒற்றைச் செடி, ஊதாக் காம்புடன், பெயிண்டு வாளியில் எங்கள் சுவரோரம் நின்றது. வளரவும் இல்லை, சாகவும் இல்லை. லூர்தெஸ் அதற்கு நோஞ்சான் என்று பெயர் வைத்திருந்தாள்.

ஒருநாள் நிபியா சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கூப்பிட்டாள்.

"வில்மாரண்ணே, கொஞ்சம் வந்து பாக்குறீங்களா? அடியிலை எல்லாம் மஞ்சளடிச்சுப் புள்ளி புள்ளியா இருக்கு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

போனேன். இலையைத் திருப்பிப் பார்த்தேன், பூச்சி இல்லை. மண்ணில் விரலை விட்டேன், ஈரம் சரி. ஒரு கிள்ளு மண்ணை எடுத்து மோந்து பார்த்தேன். புளித்த வாடை.

"தினம் மாத்தே குடிக்கிற சக்கைய எங்க கொட்டுறே?"

"இதுலதான் அண்ணே. நல்ல உரம்னு எல்லாரும் சொல்றாங்களே. எங்க வீட்டுல பாட்டன் காலத்துலேருந்து ரோஜாவுக்கும் அதான்."

எங்கள் நாட்டில் இந்தத் தவறைச் செய்யாத வீடு இல்லை. காலை எழுந்ததிலிருந்து சுரைக்குடுக்கையில் மாத்தே இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றி உறிஞ்சிக்கொண்டே இருப்போம். சக்கையைக் குப்பையில் போட மனம் வராது. தொட்டியில் தட்டுவோம். அளவோடு மக்கவைத்துப் போட்டால் உரம்தான். பச்சையாகக் குவித்தால் மண் புளித்துப்போகும், வேர் பட்டினி கிடக்கும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது சும்மா இல்லை. மேல் மண்ணை வழித்தெடுத்தேன். மழைத்தண்ணீரால் வாளியை நிதானமாக அலசினேன். முட்டையோட்டுத் தூளும் கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் சேர்த்தேன். பிறகு அவளை ஒன்றும் செய்யாமல் இருக்கச் சொன்னேன்.

நோஞ்சான் தேறும்வரை தினமும் போய் வந்தேன். போனால் நிபியா ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவாள். குடுக்கை கைமாறும், ஒரே குழலில் அவள் குடிப்பாள், நான் குடிப்பேன். லூர்தெஸ் பள்ளிக்கூடத்துக் கதைகளைச் சொல்லுவாள். வைத்தியரே, வைத்தியரே என்று வாய் ஓயாது. புதுத்தளிர் வந்த அன்று நிபியா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீங்க மட்டும் இல்லேன்னா நாங்க என்ன ஆகியிருப்போம்" என்றாள். அதை அவள்தான் சொன்னாள், அம்மா. என் கற்பனை இல்லை.

பிறகு செடி நன்றாகிவிட்டது. ஆறு கடக்கும் வரைதான் அண்ணன் தம்பி. முதல் வாரம் சுவருக்கு மேல் கையசைத்தாள். அடுத்த வாரம் அவசரமாகப் போகிறேன் என்றாள். அப்புறம் சத்தம் மட்டும் வரும், தாயும் மகளும் எதற்கோ சிரிக்கிற சத்தம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வயிறு வலிக்காதவன் எதற்கு வைத்தியன் வீட்டுக்கு வருவான்?

என் மனைவி எல்பா படுக்கையில் விழுந்து பல வருஷம் கிடந்தாள். தூக்கி உட்காரவைக்க, துடைக்க, ஊட்ட எல்லாவற்றுக்கும் நான்தான். தெரு முழுக்க என்னைப் பாவம் என்றது. உண்மையில் என் வாழ்க்கையில் நல்ல வருஷங்கள் அவைதான். கண் விழித்ததும் ஒருத்தி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். அவள் போன பிறகு என் பெயர் யார் வாயிலும் வராமல் வாரக்கணக்கில் போனதுண்டு. சில நாள் நானே உரக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், குரல் இருக்கிறதா என்று. அப்போது வருகிற பயம் உங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதான் நானும் விரும்புகிறேன்.

நான் செய்தது சின்னது. ஞாயிற்றுக்கிழமை இறைச்சி சுட வைத்திருக்கும் கல்லுப்பில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து, எல்பாவின் பழைய சாம்பல் நிற பிளாஸ்கில் ஊற்றினேன். எங்கள் ஊரில் கக்கத்தில் மாத்தே வெந்நீர்ப் பிளாஸ்க் இல்லாமல் நடப்பவனைத்தான் நிறுத்தி, உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். இருப்பவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நிபியா வேலைக்குப் போன பிறகு சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, கையை நீட்டி, வாளியில் ஊற்றினேன். கொஞ்சம்தான்.

சில நாளில் இலை நுனிகள் கருகின. மண் ஈரமாக இருக்கும்போதே செடி தலை தொங்கியது. "அண்ணே, மறுபடியும்" என்று நிபியா என் கதவைத் தட்டினாள். அந்தத் தட்டலைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டதை மறைக்க மாட்டேன். குழாய்த்தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்றேன். அலசினேன். தேறியது. கொஞ்ச நாள் விட்டு மறுபடி ஊற்றினேன். அந்த முறை நிபியாவின் தம்பி ரூபென் கொண்டுவந்து போட்ட கோழி எருவின்மேல் பழியைப் போட்டேன். அது உண்மையாகவே மக்காத, சூடான எரு. யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினேன் என்று சொல்லப் போகிறீர்கள். சொல்லுங்கள். ஆனால் தொட்டிலை ஒழுங்காக ஆட்டினேன், அம்மா. ஒவ்வொரு முறையும் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தான் ஊற்றினேன். என் கைக்கு அந்த அளவு தெரியும்.

கருகிய நுனிகளைக் கிள்ள வேண்டும் என்று சொல்லி, இரண்டொரு நல்ல கிளைகளையும் கிள்ளினேன். எப்படியும் குப்பைக்குப் போகிறவைதானே. ஈரத்துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து மண்ணில் குத்தினேன். மூன்று பிழைத்தன. என் பின்கட்டில், மேற்குச் சுவர் மறைவில், கண்பட்டுவிடும் போல வளர்ந்தன. நோஞ்சானின் அதே ஊதாக் காம்பு. நோஞ்சானுக்கு ஏதாவது ஆனாலும் குழந்தை கைவிடப்படக் கூடாது என்றுதான் வைத்தேன். அதை நீங்கள் நம்பாவிட்டாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

கோடையில் ஒரு ஞாயிறு ரூபென் வந்திருந்தான். தோலோரெஸ் ஊரில் லாரி ஓட்டுகிறவன், வாய் கொஞ்சம் நீளம். பின்கட்டில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தான். அவர்கள் சாப்பிட உட்காரும்போது வாளிப்பக்கம் போகலாம் என்று நான் சாம்பல் பிளாஸ்கோடு போயிருந்தேன். நிபியாவின் பிளாஸ்க் காலி. கெட்டில் அடுப்பில் இருந்தது. இன்றைக்கு நான்தான் மாத்தே ஊற்றுவேன் என்று லூர்தெஸ் அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். நான் கை கழுவப் போன நேரத்தில் என் பிளாஸ்கைத் திறந்து குடுக்கையில் ஊற்றி மாமாவிடம் நீட்டிவிட்டாள்.

ரூபென் ஒரு இழுப்பு இழுத்துத் துப்பினான். "த்தூ. என்னடி இது, மாத்தேவா கடல் தண்ணியா?"

"வைத்தியர் பிளாஸ்க் மாமா."

"யோவ் பெருசு, மாத்தேல உப்புப் போட்டுக் குடிக்கிற ஆள இன்னிக்குத்தான்யா பாக்குறேன். அதுவும் ஆறிப்போன தண்ணி. எங்கூர்ல மாட்டுக்குத்தான் இப்படி வைப்போம்."

"தொண்டை கட்டியிருக்கு. கொப்புளிக்க வச்சிருந்தேன்" என்றேன்.

"சொல்ல வேணாமா அண்ணே" என்று நிபியா எழுந்து உள்ளே போய்த் தேன் பாட்டிலோடு வந்தாள். "இந்தாங்க, ரெண்டு கரண்டி முழுங்குங்க. ஊருக்கெல்லாம் வைத்தியம் பாக்குறவருக்குத் தன் உடம்பைப் பாக்கத் தெரியல." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கரண்டி என் பல்லில் இடித்தது. லூர்தெஸ் மட்டும் சிரிக்காமல் பிளாஸ்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு சில நாள் நான் சுவர்ப்பக்கமே போகவில்லை. செடி துளிர்த்தது. நிபியா கூப்பிடுவதை நிறுத்தினாள். ஒரு மழைநாள், வீட்டுக்கு வீடு மாட்டுக்கொழுப்பில் ரொட்டி பொரிக்கும் வாசனை. மழை விட்டதும் வெளியே வந்து, நிபியா அடுப்படியில் இருக்கிற நம்பிக்கையில், சுவருக்கு மேல் கையை நீட்டி ஊற்றினேன். நிமிர்ந்தபோது லூர்தெஸ் கதவருகில் கையில் ரொட்டியோடு நின்றாள்.

"வைத்தியரே, நோஞ்சானுக்கும் தொண்டைக் கட்டா?"

"இது மருந்து, செல்லம்."

"மருந்து குடிச்சா நல்லாத்தானே ஆகணும்? நீங்க குடுத்த அப்புறம்தான் அது தலையத் தொங்கப் போடுது. நான் ஜன்னல்ல இருந்து பாத்திருக்கேன். போன தடவையும் பாத்தேன்."

"எல்லா மருந்தும் முதல்ல கொஞ்சம் வாட்டும். உனக்கும் மாத்திரை போட்டா தூக்கம் தூக்கமா வரும்ல? அப்படித்தான்."

யோசித்தாள். ரொட்டியைக் கடித்தாள். "அம்மாகிட்டச் சொல்லட்டா?"

"வேணாம். செடி தேறினதும் நாமே சொல்லி ஆச்சரியப்படுத்தலாம்."

"சரி. ஆனா செத்துப்போச்சுன்னா சொல்லிருவேன்."

சாதாரணமாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பிளாஸ்கை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். ஒன்பது வயதுக் குழந்தையைக் கண்டு பயந்தேன். வழக்கோ நீதிமன்றமோ பார்த்த ஆள் இல்லை நான், போலீஸ்காரர் வணக்கம் சொன்னாலே கூச்சப்படுகிறவன். அன்றிலிருந்து அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் வந்தது, எங்கள் பக்கம் அது இலையுதிர்காலம். அறுவடைக்குத் தயாராக இருக்க வேண்டிய செடியில் பொடிப்பொடியாக நான்கைந்து மொக்குகள். போன வருஷத்து எண்ணெய் பாட்டிலைத் தினமும் காலையில் நிபியா ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பாள். சொட்டுகளைக் குறைக்கத் தொடங்கியிருந்தாள். அந்த வாரமே லூர்தெஸுக்கு ஒரு வலிப்பு வந்தது, சின்னதுதான். ரூபென் கேள்விப்பட்டு ஓடிவந்தான்.

"அக்கா, நான் சொல்றேன்னு கோவிக்காதே. இந்த வைத்தியர் கால் வச்ச நாள்லேருந்து இந்தச் செடி படுத்தே கிடக்கு. சனிக்கிழமை லாரில ஏத்தி எங்க வீட்டுக்குக் கொண்டு போறேன். எங்க தெருவுல இதை வளக்குறவங்க சங்கம் இருக்கு, நாலு பேர் பாக்கட்டும்."

"பாவம்டா, அவரு எவ்வளவு மெனக்கெடுறாரு" என்றாள் நிபியா. இருந்தாலும் சரி என்றுவிட்டாள். எனக்கு எதிரிலேயே சொன்னாள். சொல்லும்போது என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

நாலு பேர் பார்த்தால் மண்ணை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். அது ஒரு பயம். செடி போய்விட்டால் எனக்கு அந்த வீட்டில் நாற்காலி இல்லை. இது இன்னொரு பயம், இரண்டாவதுதான் பெரியது. இந்த நிலைமையில் செடி லாரிப் பயணம் தாங்காது, ஒரு வாரம் போகட்டும் என்று ரூபெனே சொல்லும் அளவுக்கு வாடினால் போதும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை பிளாஸ்க் முழுவதையும் ஊற்றினேன். என் கை முதல்முறையாக அளவு தவறியது. சனிக்கிழமை காலையில் நோஞ்சான் வாளியில் வைக்கோலாகக் கிடந்தது.

நிபியா அழவில்லை. வாளிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "இனிமே என்ன பண்ணுவேன் அண்ணே" என்று மட்டும் கேட்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பொய் இல்லை. என் பின்கட்டில் மூன்று செடிகளும் பூத்துக் குலுங்கி அறுவடைக்கு நின்றன. அன்றே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வது? எப்போது கிளை எடுத்தீர்கள், இது எப்படி இவ்வளவு செழிப்பாக இருக்கிறது, அது ஏன் செத்தது என்று கேள்விகள் வராதா? எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் வேண்டும். அறுத்து, உலர்த்தி, எண்ணெய் எடுத்து, கையில் பாட்டிலோடு போய் நின்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

லூர்தெஸ் சொல்லிவிடுவாள் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. எண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், ஆனாலும் வலிப்பு பெரிதாக வர ஆரம்பித்தது. வலிப்பு விட்ட பிறகு அவளுக்கு முன்பு நடந்தவை கலைந்துபோகும், வார்த்தைகள் தடுக்கும். ஒருநாள் என்னைப் பார்த்து, "வைத்தியரே, நான் உங்ககிட்ட ஏதோ சொல்லணும்னு..." என்று தொடங்கி, நெற்றியைச் சுருக்கி, விட்டுவிட்டாள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவளுக்கும் அதிகம் யோசிப்பது நல்லதில்லை.

எண்ணெய் முதல் பாட்டில் தயாரானபோது ஈஸ்டருக்கு ஒரு வாரம் இருந்தது. நல்ல எண்ணெய், தேன் நிறம். அதற்கு ஒரு பச்சை ரிப்பன் கட்டினேன். லூர்தெஸுக்கு ஒரு சாக்லேட் முட்டையும் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். நிபியாவின் முகம் எப்படி மலரும் என்று அந்த வாரம் முழுக்கப் படுக்கையில் கிடந்து நினைத்துப் பார்த்தேன். அந்த வாரத்தில் சுவருக்கு அப்பால் இரண்டு முறை பாத்திரம் விழுகிற சத்தமும், நிபியா மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுகிற சத்தமும் கேட்டது. ஞாயிறுக்கு இன்னும் கொஞ்சநாள்தானே என்று இருந்தேன்.

அது விடுமுறை வாரம். உங்களுக்கே தெரியும், ஊரில் ஈ காக்கை இருக்காது, எல்லாரும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விடுவார்கள். ரூபென்கூட மீன்பிடிக்கப் போயிருந்தான். சனிக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம், தெருவில் என் பழைய வண்டி ஒன்றுதான் நின்றது.

கதவு இடிபட்டது. தட்டல் இல்லை, இரண்டு கையாலும் இடிக்கிற சத்தம்.

"வில்மாரண்ணே. அண்ணே. வலிப்பு நிக்க மாட்டேங்குது. ஆம்புலன்ஸ் ஊருக்கு அந்தாண்ட இருக்காம். வண்டிய எடுங்கண்ணே."

நான் நடையில் கதவிலிருந்து நான்கைந்து எட்டுத் தள்ளி நின்றேன். செருப்புகூடப் போடவில்லை. எனக்குப் பின்னால் அறை முழுக்க, கயிற்றில் தலைகீழாக, அந்த மூன்று செடிகளின் மீதிப் பூக்கள் உலர்ந்துகொண்டிருந்தன. வாசனை நடைவரை நிறைந்திருந்தது. கதவைத் திறந்த கணம் அவளுக்குத் தெரிந்துவிடும். மேசையில் ரிப்பன் கட்டிய பாட்டில் இருந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன், ஏனென்று தெரியவில்லை. ஒரு நிமிஷம், ஜன்னலைத் திறந்துவிட்டு வாசனை போகட்டும், பிறகு திறக்கலாம் என்று நினைத்தேன். அந்த நிமிஷம் போய்விட்டது. அடுத்ததும் போனது.

"அண்ணே, உள்ளதான இருக்கீங்க? வண்டி நிக்குதே. அண்ணே, புள்ள நீலமாயிட்டா."

என் பெயரை இத்தனை முறை யாரும் கூப்பிட்டதில்லை, எல்பாகூட. நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். லூர்தெஸ் பிழைத்து எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று அப்போது நான் நினைத்தேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. அதை நான் நினைக்கவேயில்லை. நீங்கள் கேட்பீர்கள் என்பதால் பிறகு யோசித்துப் பார்த்தேன், அப்போதும் நினைத்ததாக ஞாபகம் வரவில்லை.

இடிப்பது நின்றது. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். வெறுந்தெருவில் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நிபியா ஓடினாள். ஒன்பது வயதுக் குழந்தை, நீளமான கால்கள், அவள் முழங்காலில் இடித்துக்கொண்டே போயின. மூலை திரும்பி சதுக்கத்தருகில் ஆம்புலன்ஸ் அவளை எதிர்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவர்கள் வேகமாகத்தான் வந்திருக்கிறார்கள், குறை சொல்வதற்கில்லை. லூர்தெஸ் கண் விழிக்கவில்லை.

அடக்கத்துக்குப் போனேன். சின்னப் பெட்டி. அதன் கைப்பிடிகளில் ஒன்று என் கையில் இருந்தது. நிபியா என் தோளில் சாய்ந்து, "கதவைத் தட்டினேன் அண்ணே" என்றாள். ஆற்றுக்கு நடந்து போயிருந்தேன் என்றேன். "அப்படியா" என்றாள். அவள் அதை நம்பினாள். நம்பியவளைத் தேற்றினேன்.

மூன்றாம் நாள் ரூபென் ஏணி கேட்க வந்தான். நான் குளித்துக்கொண்டிருந்தேன், பின்கதவு சாத்தவில்லை. வாசனை அவனை உள்ளே இழுத்திருக்கிறது. நான் துண்டோடு வெளியே வந்தபோது அவன் அந்த அறையில், ஊதாக் காம்பு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். மேசையில் பாட்டிலும், பிரிக்காத சாக்லேட் முட்டையும், சாம்பல் பிளாஸ்கும் இருந்தன. அவன் பிளாஸ்கைத் திறந்து விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். பிறகு சுவருக்கு ஓடி அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினான். "அக்கா, வேலியே பயிர மேஞ்சிருக்குக்கா. இங்க வந்து பாரு."

அவன் என்னை அடித்ததை நான் புகாராகச் சொல்லவில்லை. இந்தப் பல் ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தது.

நிபியா வந்தாள். கத்தவில்லை. ரிப்பனை அவிழ்த்துப் பாட்டிலை எடுத்து, தினமும் காலையில் செய்வதுபோலவே ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கழுத்துவரை நிறைந்திருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எப்ப எடுத்தீங்க?" என்று கேட்டாள். போன வாரம் என்றேன். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். செடிக்கு உப்பு ஊற்றியது நான். மருந்தை வைத்துக்கொண்டு கொடுக்காதது நான். கதவுக்குப் பின்னால் நின்றது நான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். தண்டனை எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். ரூபென் லாரியோடு போய்விடுவான், அவன் வீட்டில் தங்குகிற ஆள் இல்லை. நிபியா அந்த வீட்டில் இப்போது தன்னந்தனியாக இருக்கிறாள். சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட ஓர் ஆள் கிடையாது. முன்பாவது மகள் இருந்தாள். இனிமேல்தான், அம்மா, அவளுக்கு யாராவது வேண்டும். என்னை எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள்?